மடியா, சீட்டா

இளவரசிக்குக் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. பிறந்தபோது உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தது. வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ள மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து மெல்ல மெல்லத் தேறியது. இளவரசி தினமும் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். எடை இரண்டரைக் கிலோவைத் தொட்ட அன்று டாக்டர் சங்கரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்."

அவள் பெரிய காஞ்சிபுரத்துக்குத் திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. கணவன் தினேஷ் போனில் சொல்லியிருந்தான். தெருமுனை வரை கேட்கிற தறிச்சத்தம் அன்று கேட்கவில்லை. மாமனார் குப்புசாமி தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். கார் நின்றதும் கதவைத் திறக்கக்கூட விடவில்லை.

"வெள்ளிக்கிழமையாமே. நானும் வரேன். என் மடியில வெச்சிதான் எடுத்துனு வரணும். என் தங்கச்சிக்கு அப்புறம் இந்த வூட்டுல பொண்ணே பொறக்கல, தெரியுமில்ல?"

இளவரசிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் இதை இன்றே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"நீங்க வாங்க மாமா. ஆனா மடியில வேணாம். பேபி சீட்டு வாங்கி வெச்சிருக்கேன். அதுல படுக்க வெச்சி, பெல்ட்டு போட்டுதான் கூட்டினு வரணும்."

"பெல்ட்டா? பொறந்த கொழந்தைக்கா?"

"பொறந்த கொழந்தைக்குதான் மாமா ரொம்ப அவசியம்."

குப்புசாமி சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். மீசை முளைக்கும் முன்பே தறியில் உட்கார்ந்த கைகள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முறுக்கிய கயிறு போல நரம்போடியிருந்தது. கலியாணப் புடவையில் உடலையும் கரையையும் இணைக்கிற கோர்வை போடக் கடைக்காரர்கள் அந்தக் கைகளைத்தான் தேடி வந்தார்கள். அடுத்த தை வரைக்கும் ஆர்டர் இருந்தது.

"இந்தக் கையி ஒரு இழைய விட்டதில்லமா. இதவிடவா அந்த பிளாஸ்டிக்கு?"

"தினேஷு பொறந்தப்போ ஆஸ்பத்திரியில இருந்து ஸ்கூட்டர்லயே எடுத்துனு வந்தாரு, ஒரு கையால புடிச்சிக்கினு" என்றாள் உள்ளேயிருந்து மாமியார் ஏலவார்குழலி. குப்புசாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மாமியாரின் குரலில் பாராட்டு இருந்ததாக இளவரசிக்குத் தோன்றவில்லை.

தினேஷ் அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் பேசி முடிங்கபா" என்று சொல்லிவிட்டு, வராத போனை எடுத்துக் காதில் வைத்தபடி பின்கட்டுக்குப் போய்விட்டான்.

இளவரசி பிடிவாதக்காரி அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளால் விட்டுக்கொடுக்க முடியாது. ஓரகடத்தில் கார்களுக்கு சீட் பெல்ட் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் அவளுக்கு வேலை. நெய்து வருகிற பட்டையை இயந்திரத்தில் மாட்டி, எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். காரில் ஒரு பெண் பொம்மை, அதன் மடியில் ஒரு குழந்தை பொம்மை. கார் சுவரில் மோதுகிறது. அம்மாவின் கை நீட்டியபடியே இருக்கிறது, குழந்தை அங்கே இல்லை. அன்று மதியம் அவளால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் ஆறாம் மாதத்திலேயே சீட்டை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கார் டிக்கியில் வைத்திருந்தாள்.

இதையெல்லாம் மாமனாரிடம் அவள் சொன்னாள். படம் என்றதும் அவர் கையை ஆட்டிவிட்டார்.

"அது பொம்மமா. பொம்மைக்கு இன்னா பாசம் இருக்குது, இறுக்கிப் புடிக்க?"

இளவரசி அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு, "அப்போ ஒரு பந்தயம் வெச்சிக்கலாமா மாமா?" என்றாள்.

பந்தயம் என்றதும் குப்புசாமியின் கண் பளிச்சென்றது. கபடி, கேரம், தேர்தல் முடிவு என்று எதற்கும் பந்தயம் கட்டுகிற மனிதர் அவர்.

"கொழந்த எடைக்கு அரிசி எடுத்துத் துணியில கட்டித் தரேன். நீங்க பின்சீட்டுல மடியில வெச்சிப் புடிச்சிக்குங்க. நான் ஓட்டினு போயி எங்கியாவது ஒரு இடத்துல பிரேக்கு போடுவேன். எப்போன்னு சொல்ல மாட்டேன். மூட்டைய விடலன்னா கொழந்த உங்க மடியில வரும். விட்டீங்கன்னா சீட்டுல."

"சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"மாற மாட்டேன் மாமா."

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். தினேஷ் முன்சீட்டில் உட்கார்ந்தான். வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவு இருந்தது. அகலமாகத் தார் போட்டு, எல்லைக்கு மஞ்சள் கல் நட்டிருந்தார்களே தவிர வீடு ஒன்றும் வரவில்லை. ஆள் நடமாட்டமே இல்லை. அங்கே போனதும் இளவரசி மாமனாரை இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வயிற்றை இறுக்குகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போட்டுக்கொண்டார். அரிசி மூட்டையைப் பழைய வேட்டியில் குழந்தையைச் சுற்றுவது போலவே சுற்றிக்கொடுத்திருந்தாள் மாமியார்.

இளவரசி நேராகப் போனாள். திரும்பினாள். மறுபடி நேராக. சட்டென்று பிரேக்கை மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது. தினேஷ் முன்னால் குனிந்து நிமிர்ந்தான்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். குப்புசாமி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்திருந்தார். மெல்ல மெல்ல முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"இன்னொரு தபா வேணா போட்டுப் பாரு."

போட்டாள். இன்னும் கொஞ்சம் வேகத்தில். மூட்டை இருந்த இடத்தில் இருந்தது.

"அவ்ளோதானா?" என்றார் குப்புசாமி.

"மாமா, இது வெறும் பிரேக்குதான். நிஜமா மோதினா அந்த ரெண்டரைக் கிலோ ஒரு ஆளு கனத்துக்கு முன்னால இழுக்கும். அத யாராலயும்..."

"பந்தயத்துல மோதல் இல்லியே. பிரேக்குன்னுதானே சொன்ன?"

அவர் சொன்னது நியாயம்தான். பிரேக் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற மனிதனைப் போய்ச் சோதித்துப் பார்த்தது தன் தப்பு என்று அவளுக்கு உறைத்தது. அதுவும் எதைப் பந்தயம் வைத்தாள்? பெற்ற குழந்தையை. சொன்ன சொல்லை மீறினால் இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு இனி மரியாதை இருக்காது. மீறாவிட்டால் நாளைக் காலை குழந்தை மடியில் வரும். இரண்டில் எதைச் செய்வது என்று யோசித்தபடியே வண்டியைத் திருப்பிப் பெரிய சாலைக்கு வந்தாள்.

குப்புசாமிக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மூட்டை மடியில் இருந்தது, ஒரு கை அதன் மேல் இருந்தது. வாலாஜாபாத் அரிசி மில்காரர் மகள் கலியாணத்துக்கு நெய்கிற புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். உடல் அரக்கு நிறம், கரை பச்சை, முந்தியில் மயில் வேண்டாம் யாளிதான் வேண்டும் என்று கேட்டார்களாம்.

"யாளிக்கு வாயி தொறந்து இருக்கணுமா, மூடி இருக்கணுமான்னு அந்தப் பொண்ணு கேக்குது. நான் சொன்னேன்..."

என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு பைக் திரும்பிப் பார்க்காமல் சாலையின் நடுவே வந்துவிட்டது. ஓட்டியவன் கழுத்தில் போனை இடுக்கியிருந்தான். இளவரசி நினைக்கவில்லை, காலே நினைத்தது. பிரேக்கை அடிவரை மிதித்தாள். கார் உதறிக்கொண்டு நின்றது. பைக்காரன் ஒரு கை தூரத்தில் தடுமாறி, சமாளித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

காருக்குள் சரசரவென்று ஒரு சத்தம். இளவரசியின் காலடியில், கியர் மீது, தினேஷின் மடியில் எங்கும் அரிசி. மூட்டை இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே பறந்து வந்து கியரில் மோதிக் கிழிந்திருந்தது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். குப்புசாமி முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் லேசாகச் சிவந்திருந்தது. அடி பெரிதாக இல்லை. அவர் மடியைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"நான் உட்டுட்டேனா?" என்றார்.

தினேஷின் மடியிலிருந்து அரிசி தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"எப்போ உட்டேன்னே தெரியல இளவரசி."

"யாராயிருந்தாலும் கை தானா போயிடும் மாமா. ஒடம்பு தன்னக் காப்பாத்திக்கும். அதுக்கு அப்புறம்தான் மனசுக்கே தெரியும்."

"நீ வேணும்னே போட்டியா?"

"இல்ல மாமா. அந்தப் பையன் குறுக்க வந்துட்டான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து காரின் தரையில் கிடந்த அரிசியைக் கைநிறையக் கைநிறைய அள்ளிக் கிழிந்த வேட்டியில் போட ஆரம்பித்தார். தினேஷ், "உடுங்கபா, வூட்டுல போயி பெருக்கிக்கலாம்" என்றான். அவர் கேட்கவில்லை. அந்த வேட்டியை மெல்லச் சுற்றி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

வீட்டுக்குப் போனதும் தறியில் உட்கார்ந்தார். ஆனால் அன்று முழுக்கச் சத்தம் வரவில்லை. இளவரசி வெற்றி பெற்றவள் போல ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியாரிடம்கூட நடந்ததைச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது குப்புசாமியே ஆரம்பித்தார்.

"பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். தினேஷ் சாட்சி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். தயாரா இருந்தப்போ புடிச்சேன், தயாரா இல்லாதப்போ உட்டுட்டேன். ரோட்டுல எவன் வந்து தயாரா இருன்னு சொல்லிட்டு மோதப் போறான்?" சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். "அந்த சீட்ட எடுத்துனு வா, பாக்கலாம்."

பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் வைத்தார்கள். தொட்டில் போல உட்குழிந்து, மெத்தை வைத்து இருந்தது. குப்புசாமி மெத்தையைப் பார்க்கவில்லை. பட்டையைத்தான் எடுத்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"இது நெய்ஞ்சதா?"

"ஆமா மாமா. பாலியஸ்டர் நூலு. எங்க கம்பெனியிலயும் இப்படித்தான், தறியிலதான் நெய்யறோம்."

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் அவள் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. 'பெல்ட்டு கம்பெனி' என்பதோடு சரி. இப்போது பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாவு நூலு நல்லா நெருக்கமா இருக்குது. நெய்ஞ்சவன் நல்ல வேலக்காரன்தான். எங்க அறுந்துபோவுது இது?"

"ஒரு கார தூக்கிக் கட்டித் தொங்க உட்டாலும் அறாது மாமா, நான் பாக்கற பட்டை."

"அடேங்கப்பா" என்றார் குப்புசாமி. மருமகளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். ஏலவார்குழலி ரசத்தை ஊற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காத மாதிரி, "ஸ்கூட்டர்ல அன்னிக்கி நான் உசுர கையில புடிச்சிக்கினு வந்தது எனக்குத்தான் தெரியும்" என்றாள். எல்லாருக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை சீட்டைப் பின்சீட்டில் பொருத்தினார்கள். தினேஷ் முதலில் அதை முன்பக்கம் பார்த்தபடி வைத்துவிட்டான். இளவரசி கழற்றித் திருப்பி, குழந்தையின் முதுகு வண்டி போகிற திசைக்கு வருகிற மாதிரி வைத்தாள்.

"பின்னால பாத்துக்கினா போவும்?" என்றார் குப்புசாமி.

"கழுத்து இன்னும் நிக்கல மாமா. மோதினா முதுகு முழுக்க சீட்டுல தாங்கும். முன்னால பாத்து வெச்சா தலை மட்டும் தனியா வீசும்."

அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு கார் பெல்ட்டை அவரே முழங்காலை ஊன்றி இறுக்கினார். சீட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஆனால் மருத்துவமனை வாசலில்தான் சோதனை வந்தது. குழந்தையைச் சீட்டில் படுக்கவைத்துத் தோளுக்கு மேல் பட்டையை மாட்டியதும் அது வீறிட்டு அழ ஆரம்பித்தது. ஒரு மாதம் கண்ணாடிக்குள் கிடந்த குழந்தை. இவ்வளவு பெரிய குரல் அதற்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "எடுத்து மடியில வெச்சிக்கமா, பாவம்" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். இளவரசியின் கை பட்டையின் பூட்டுக்குப் போய்விட்டது.

"இருமா" என்றார் குப்புசாமி. "நல்லா மூச்சு உட்டு அழுவுது. இந்த அழுகைக்குத்தானே அத்தினி நாளு காத்துக் கெடந்தோம்? நீ பக்கத்துல ஒக்காரு. தினேஷு, வண்டிய எடு."

குழந்தையின் தோளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்ந்திருந்ததை இழுத்துச் சரிசெய்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். வண்டி பாலாற்றுக் காற்று அடிக்கிற இடத்தைத் தாண்டும் முன்பே அழுகை விக்கலானது, விக்கல் தூக்கமானது. இளவரசி வழி முழுக்கக் குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு தடவை ஆட்டோக்காரர்கள் குறுக்கே வந்தார்கள், இரண்டு தடவையும் தினேஷ் பிரேக் போட்டான். குழந்தை உதட்டைச் சுழித்துக்கொண்டு தூங்கிக்கொண்டேயிருந்தது.

தெருவே வாசலில் நின்றது. குப்புசாமியின் தங்கை புவனேஸ்வரி ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். காருக்குள் எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாண்ணா இது, நல்ல நாளும் அதுவுமா புள்ளையக் கட்டி எடுத்துனு வந்துகீறீங்க? உன் மடி எங்க போச்சு?"

"என் மடி எங்கியும் போவல. வூட்டுக்குள்ள வந்தப்புறம் நாள் முழுக்க வெச்சிக்கிறேன். ரோட்டுல அவ எடம் அதுதான்." தெருவுக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நேத்து இந்தக் கையால ரெண்டரைக் கிலோ அரிசிய உட்டேன். நானே உட்டேன்னா நீங்க எந்த மூலைக்கு?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இளவரசி பூட்டை அழுத்திப் பட்டையை விலக்கிக் குழந்தையைத் தூக்கி மாமனாரின் கைகளில் கொடுத்தாள். புவனேஸ்வரி ஆரத்தி சுற்றினாள். குப்புசாமி உள்ளே போகும்வரை குனிந்து குழந்தையையே பார்த்துக்கொண்டு நடந்தார், படியில் தடுக்கப் பார்த்தார், ஏலவார்குழலி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை இளவரசி எதிர்பார்க்கவில்லை. தறிக்குப் பாவு கொண்டுவருகிறவர்கள், ஜரிகைக் கடைக்காரர், புடவை வாங்க வருகிறவர்கள் என்று வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் குப்புசாமி அரிசிக் கதையைச் சொன்னார். தான் தோற்ற இடத்தைக் கொஞ்சமும் மறைக்காமல், கையை நீட்டி முன்சீட்டைப் பிடித்துக் காட்டிச் சொன்னார். மூன்றாவது வீட்டில் பேரன் பிறந்தபோது அவர்களாகவே வந்து சீட்டை இரவல் கேட்டார்கள். அடுத்த தெருவில் ஒருவர் புதிதாகவே வாங்கிவிட்டார்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து சுகாசினி போன் செய்தாள். முசரவாக்கத்துப் பெண். குழந்தைகள் பெட்டியில் இருந்த நாட்களில் இளவரசியும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள். அவள் மகனையும் நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கணவர் ஜான்சன் வெளியூர் வேலையில் இருந்து இரவுதான் வருவார், அப்பாவோடு ஆட்டோவில் போகலாம் என்று இருக்கிறேன் என்றாள்.

"ஆட்டோவுல இந்த சீட்டு நிக்காதுமா" என்றார் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த குப்புசாமி. "நம்ம வண்டியில போலாம்னு சொல்லு. நானும் வரேன்."

மறுநாள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இளவரசி காரை எடுத்தாள். சுகாசினியின் அப்பா முனுசாமி வாட்டசாட்டமான மனிதர், கட்டட மேஸ்திரி. பேரனைக் கையிலிருந்து இறக்கவே மனமில்லாமல் மருத்துவமனை வாசலில் நின்றார்.

"சிமெண்ட்டு மூட்டைய ஒத்தக் கையில தூக்கறவன் நானு" என்றார்.

"தூக்குவீங்க, தெரியுது" என்றார் குப்புசாமி. "நானும் அப்படித்தான் பேசினேன். கையி நம்ம பேச்சக் கேக்கறதில்ல சம்பந்தி." எந்த உறவும் இல்லாத மனிதரை அவர் சம்பந்தி என்று கூப்பிட்டதில் முனுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே குனிந்து பேரனைச் சீட்டில் படுக்க வைத்தார்.

முசரவாக்கத்தில் கார் நின்றதும் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். சுகாசினி மகனைத் தூக்கிக் காட்டினாள். யாரோ பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரி இறைத்தார்கள். கூட்டத்தில் நிறைமாதமாக இருந்த துளசி என்ற பெண் மட்டும் குழந்தையிடம் போகாமல் கார்க் கதவருகே வந்து, காலியாக இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்து, "இத எப்படிக்கா மாட்டறது?" என்று கேட்டாள்.

இளவரசி வாயைத் திறப்பதற்குள் குப்புசாமி கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"பின்னால பாத்தாப்பலதான் வெக்கணும், அது மொத விசயம். இங்க பாரு, தோளு மேல இந்தப் பட்டை. ஒரு விரலுக்கு மேல உள்ள போவக் கூடாது. துணி சுத்தணும்னா பட்டை போட்டப்புறம் மேல போத்து, உள்ள சுத்தாத..."

துளசியோடு இன்னும் நாலு பெண்கள் வந்து நின்றார்கள். முனுசாமியும் அவர்களுக்குப் பின்னால் எக்கி நின்று பார்த்தார், நடுவே "ஆமாமா, நானே மாட்டினேன்" என்று சேர்த்துக்கொண்டார். சுகாசினியின் அம்மா கொண்டுவந்து கொடுத்த கலர் சோடா பாட்டிலை வாங்கிக்கொண்டு இளவரசி வேப்பமர நிழலுக்கு நகர்ந்தாள். அவள் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பாட்டில் ஜில்லென்று இருந்தது. சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டும் என்ற அவசரமே இல்லாமல், வாய் கொள்ளாத சிரிப்போடு, அவள் நின்று குடித்தாள்.